அப்பாவின் பழைய ஹார்ட் டிஸ்க்

அப்பா 2003-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ரொம்ப நாளாகப் பரணில் கிடந்தது. பாட்டியைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் அதற்குள்தான் இருந்தன. அச்செடுத்த பிரதி எதுவும் கிடையாது. அப்பா போன பிறகு அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார். சரி, இந்த விடுமுறையில் எடுத்துவிடலாம் என்று இறக்கினேன்.

பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். 40 ஜிபி, ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. பின்பக்கம் இரண்டு வரிசையாக ஊசிகள் நிற்கும். இப்போதைய லேப்டாப்பில் அதைச் செருக இடமே இல்லை. ஐடிஇ-யை யூஎஸ்பி-க்கு மாற்றித்தரும் அடாப்டர் வேண்டும். வாங்கும்போது அதனுடன் தனி பவர் சப்ளை வருகிறதா என்று பாருங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டார் சுற்ற 12 வோல்ட் தேவை. சாதாரண யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான்.

மாட்டினால் டிஸ்க் சுற்றுகிறது, லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. காரணம் ஜம்பர். ஊசிகளுக்கும் பவர் சாக்கெட்டுக்கும் நடுவில் அரிசி அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். டிஸ்க் முதன்மையானதா துணையா என்று குறிப்பது அதுதான். அது 'கேபிள் செலக்ட்' (கேபிளே முடிவுசெய்யட்டும்) இடத்தில் இருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, சின்ன இடுக்கியால் பிடுங்கி 'மாஸ்டர்' (முதன்மை) இடத்தில் மாட்டினேன். உடனே வந்துவிட்டது.

வந்த வேகத்தில் விண்டோஸ் கேட்டது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? வேண்டாம் என்று அழுத்தினேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) இருக்கிறது, ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) மட்டும் 'ரா', அதாவது அடையாளம் தெரியவில்லை என்று காட்டுகிறது. அதற்குள் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம். கை நடுங்கிவிட்டது. பவரை அணைத்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறோம். விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்தும், தவறினால் திரும்ப வழியில்லை. ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. உள்ளே ஈரம் படிந்தால் இருப்பதும் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நான் செய்தது, முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே ஓர் இமேஜ் ஃபைலாக நகலெடுத்தது. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்தேன். டிஸ்க் 37.3 ஜிபி என்று காட்டியது; 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுத்துக் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம், பயப்பட வேண்டாம். நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற நிரல். இது நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை மேப் ஃபைலில் குறித்துவைப்பதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்று ஒன்றரை மணி நேரம். டிஸ்க் சூடாகவே, நிறுத்தி ஆறவிட்டேன். மிச்சமிருந்த இடங்களுக்கு ராத்திரி முழுவதும் ஆனது. காலையில் பார்த்தபோது படிக்க முடியாமல் நின்றது 212 கேபி மட்டும்.

அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கைத் தொடவே இல்லை. இமேஜை இன்னொரு பிரதி எடுத்து, அதை டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலில் திறந்தேன். பார்ட்டிஷனின் தொடக்கத்தில் அதன் அமைப்பைச் சொல்லும் பூட் செக்டர் கெட்டிருந்தது. 'ரா' என்று காட்டியது அதனால்தான். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்-ஸில் பூட் செக்டரின் மாற்றுப் பிரதி ஒன்று பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும். அதை எடுத்து முன்னால் போட்டதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

அப்பாவின் வேர்ட் ஃபைலைத் திறந்தேன். முதல் சொல்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பக்கம் முழுக்க அப்படியே. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அப்பா பாமினியில் அடிப்பவர். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். அதே இமேஜில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே பாமினி இருந்தது. எடுத்து நிறுவி ஃபைலை மறுபடி திறந்தேன். அந்த ஐந்து குறிகளும் 'அம்மா' என்று மாறியிருந்தன.

'அம்மா உரக்கச் சிரித்து நான் பார்த்ததில்லை' என்று தொடங்குகிறது. மொத்தம் பதினேழு பக்கம். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் பிசகிய ஒற்றுகளைக் கையால் திருத்தி, இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு அத்தைக்கு அனுப்பினேன். அன்று இரவே கூப்பிட்டார். மூன்றாம் பக்கத்தில் வரும் கிணற்றடிச் சண்டையில் தப்பு தன்மேல் இல்லை, அண்ணன்மேல்தான் என்றார்.