அம்மாவின் வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட் எடுத்த அனுபவம்

வாடகைக்கு அரசு உதவியான ஹவுசிங் பெனிஃபிட் என்றால் கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு, தனியார் வீட்டு வாடகையைச் சேமிப்பிலிருந்தே கட்டுகிற எங்கள் வயதானவர்கள் லண்டனில் நிறையப் பேர். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். 2024இல் அவருக்காக இந்த அலுவலைப் பார்த்து முடித்ததால் எழுதுகிறேன்.

அண்ணா வீட்டில் இடம் போதாமல் அம்மா பக்கத்துத் தெருவில் ஓர் அறை ஃபிளாட்டுக்குப் போனார். எழுபதைத் தாண்டியவர், பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. வேலை செய்யும் வயதுக்காரருக்கு வாடகை உதவி பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகையோடு வரும். பென்ஷன் வயதைக் கடந்தவர்கள் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிஃபிட் கேட்க வேண்டும். வருமானம் குறைந்த பென்ஷன்காரருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டுக்கும் கூடவே போட்டோம். அதன் ‘கேரண்டி’ பகுதி கிடைத்துவிட்டால் கவுன்சில் வருமானத்தையும் சேமிப்பையும் மறுபடி கிளறாது. அது இல்லாதவர்களுக்குச் சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஹவுசிங் பெனிஃபிட் கிடையாது.

படிவம் நிரப்புவது லேசு. வாடகைக்குச் சான்று காட்டுவதில்தான் இழுபட்டது. வீட்டுக்காரர் ஊர்க்காரர், வாடகையைக் கையில் காசாக வாங்குவார், ரசீது கிடையாது. ஒப்பந்தம் கேட்டதும், “எங்களுக்குள்ள என்ன எழுத்து வேண்டிக்கிடக்கு, தங்கச்சி?” என்றார். நான் வாய் திறக்க முதல் அம்மா சொன்னார்: “தம்பி, நான் தாறதையும் நீர் வாங்கிறதையும் ஒரு தாளில எழுதித் தாரும். வேற ஒண்டும் வேண்டாம்.” குடியேறிய திகதி, வாரவாடகை, இருவர் கையெழுத்து எல்லாம் போட்ட ஒப்பந்தம் அடுத்த கிழமை வந்தது. அந்த மாதத்திலிருந்து வாடகை வங்கி வழியாகவே போகிறது. காசாகக் கொடுப்பவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டுக்காரர் சொந்தமா என்றும் படிவம் கேட்கும். நெருங்கிய சொந்தத்தோடு ஒரே வீட்டில் இருந்தால் உதவி இல்லை. தனி வீடு என்றால் சொந்தக்காரருக்கும் வாடகை கட்டலாம், ஆனால் அது உண்மையான வாடகை என்று காட்ட வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. நீங்கள் கட்டும் வாடகை முழுதும் வராது. லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும், அறை எண்ணிக்கைக்கும் ஓர் உச்சத் தொகை உண்டு. அந்த வட்டார வாடகைகளைக் குறைந்ததிலிருந்து அடுக்கினால் 30 சதவீத இடத்தில் நிற்கும் தொகையை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். 2020க்குப் பிறகு அசையாமல் கிடந்து, 2024 ஏப்ரலில்தான் கூட்டினார்கள். 2025இல் மறுபடி கூட்டவில்லை. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, இது பெரிய அநியாயம். தனியாக இருப்பவர் இரண்டு அறை வீடு எடுத்தாலும் ஓர் அறைக்கான தொகைதான். போஸ்ட்கோடைப் போட்டு அரச இணையத்தில் தொகையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கள்.

முடிவுக் கடிதம் வந்தபோது, பணம் தொடங்கும் திகதியாக விண்ணப்பம் போட்ட நாளே இருந்தது. பென்ஷன் வயதுக்காரருக்குத் தகுதி இருந்தால் அதற்கு முந்தைய 3 மாதம் வரைக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்மா அதற்கும் முன்னரே குடியேறியவர். முடிவை எதிர்க்க ஒரு மாதம்தான் அவகாசம் என்பதால் உடனே எழுத்தில் கேட்டோம், திருத்திக் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்திருந்தால் அந்த 3 மாத வாடகை போயே போயிருக்கும்.

பணம் அம்மாவின் கணக்குக்கே வருகிறது. தனக்கு நேரே அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டார். 8 கிழமை வாடகை பாக்கி ஆனாலோ, குடியிருப்பவரால் பணத்தைக் கையாள முடியாவிட்டாலோதான் கவுன்சில் வழக்கமாக அப்படிச் செய்யும்.

வாடகைக்கும் உதவிக்கும் நடுவே விழுந்த துண்டுக்கு டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமெண்ட் என்று அப்போது இருந்த கூடுதல் உதவிக்குக் கவுன்சிலிடம் தனியே விண்ணப்பித்தோம். கட்டாயம் தருவார்கள் என்றிருக்கவில்லை. மாதச் செலவை வரிவரியாக எழுதி, அம்மாவின் வைத்தியர் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்ததில் சில மாதங்களுக்குக் கிடைத்தது.