நாலு மாதம், ஐந்து நடை, ஒரு நர்லிங் டூல்

அக்கா மகனின் டெலஸ்கோப்புக்கு இரண்டு பித்தளைக் குமிழ்கள் வேண்டும். வேலை இவ்வளவுதான். சுமார் 24 மி.மீ. விட்டம், 15 மி.மீ. நீளம், நடுவில் ஒரு துளை, பக்கவாட்டில் தலையில்லாத கிரப் ஸ்குரூ ஒன்று, விரல் வழுக்காமல் இருக்க மேலே நர்லிங், அதாவது பல் வைத்த சக்கரத்தை அழுத்திப் பதிக்கிற குறுக்குக் கோட்டுச் சொரசொரப்பு. கடைசலும் துளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடிந்துவிட்டன. நர்லிங் மட்டும் நாலு மாதம் இழுத்தது. வீட்டில் சின்ன லேத் வைத்திருக்கிறவர்கள் இதே வழியில் இறங்கும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னிடம் இருப்பது ஏழு இஞ்ச் மினி லேத். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி மேஜை மேல் வைத்துவிடலாம். முதலில் வாங்கியது, கோயம்புத்தூர் பட்டறைகள் எல்லாவற்றிலும் கிடக்குமே, அந்த மாதிரி ஒரே பக்கத்திலிருந்து அழுத்துகிற நர்லிங் டூல். சின்ன சைஸ், இரண்டு சக்கரம். ஆறடி லேத்தில் அதை வைத்து நாள் முழுக்க ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. அந்த லேத்தின் எடை அதைத் தாங்கிக்கொள்கிறது. என் லேத்தில், டூலைத் துண்டை நோக்கி நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடைத் திருகி அழுத்தியதுமே மோட்டார் முனகியது, பித்தளைக் கம்பி அந்தப் பக்கம் வளைந்தது, பதிவு விழுந்ததோ பாதி ஆழத்துக்குத்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது பெரிய தப்பு. மூன்று துண்டு வீணானதோடு, துண்டைப் பிடித்துச் சுழற்றுகிற சக்-ஐக் கையால் சுற்றினால் கரகரவென்று ஒரு உணர்வு வர ஆரம்பித்தது. இந்த ரக லேத்தில் சக் மாட்டியிருக்கிற ஸ்பிண்டில் தண்டைத் தாங்குவது 6206 பால் பேரிங் இரண்டு. பக்கவாட்டில் இப்படி இடைவிடாமல் நான் கொடுத்த அழுத்தத்தில் அவை கெட்டுப்போயிருந்தன. இரண்டையும் மாற்ற வேண்டி வந்தது.

அதனால்தான் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை உள்ள டூல் செய்வது என்று முடிவு செய்தேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் வேலைத் துண்டு. ஒரு போல்ட்டை முறுக்கினால் இரண்டு கையும் சேர்ந்து துண்டைப் பிடித்து நசுக்கும். மேலிருந்து வரும் அழுத்தமும் கீழிருந்து வரும் அழுத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் பேரிங்குக்குப் பெரிய பாரம் போகாது. சின்ன லேத்துக்கு இதுதான் சரி. ஒரு பக்கம் அழுத்துகிற டூலை வாங்கவே வாங்காதீர்கள்.

சக்கரம் வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். வைர வடிவம் விழ வேண்டுமானால் ஒரு சக்கரத்தில் பல் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இன்னொன்றில் இடப்பக்கம். 20 மி.மீ. விட்டம், 8 மி.மீ. அகலம், 6 மி.மீ. துளை, எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார். நானும் அங்கேயே பிரித்துப் பார்க்காமல் சிங்காநல்லூர் வந்து சேர்ந்துவிட்டேன். வீட்டில் மேஜை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டிலும் பல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. போன் போட்டேன். "ஒன்னைத் திருப்பிப் போட்டுக்கோங்க சார், சரியாயிடும்" என்றார்.

ஆகாது. மரை போட்ட போல்ட் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், வலது மரை வலது மரையாகவேதான் இருக்கும். சக்கரமும் அப்படித்தான். எப்படித் திருப்பினாலும் சாய்வு மாறாது. அப்படியே போட்டு ஓட்டினால் வைரம் விழாது, ஒரே திசையில் சாய்ந்த கோடுகள்தான் விழும். இதை அவரிடம் புரியவைக்க ஒரு போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். கவுண்டரில் போல்ட்டைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார். கடையிலேயே இரண்டு சக்கரத்தையும் ஒட்டி நிறுத்திப் பாருங்கள். கோடுகள் அம்புக்குறி மாதிரி சேர்ந்தால் ஜோடி சரி. இணையாக ஓடினால் வாங்காதீர்கள்.

இரண்டு நடை முடிந்தது. மீதி மூன்று நடையும் மில்லிங்குக்காக. இரண்டு கையின் முனையிலும் சக்கரம் உட்கார 8 மி.மீ. பள்ளம் வெட்ட வேண்டும். என்னிடம் மில்லிங் மெஷின் இல்லை. கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் படம் வரைந்து கொடுத்து, இரண்டு பிரைட் பார் (வழவழப்பான இரும்புக் கம்பி) துண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். "நாளைக்கு சாயந்தரம் வாங்கண்ணா, ரெடி பண்ணி வெச்சிடறேன்" என்றார்கள். மறுநாள் போனால் ஆள் லீவு. அடுத்த வாரம் போனேன். வெட்டி வைத்திருந்தார்கள், ஆனால் பள்ளம் நடுவில் இல்லை. ஒரு பக்கச் சுவர் 3 மி.மீ., மறுபக்கச் சுவர் 7 மி.மீ. படத்தில் 5, 8, 5 என்று தெளிவாக எழுதியிருந்தேன். "ஓடறதுக்கு ஒன்னும் பிரச்சனை இல்லைங்க" என்றார்கள். சக்கரத்தின் பின்னை இரண்டு முனையிலும் தாங்குவதே அந்தச் சுவர்கள்தான். ஒன்று மெலிந்தால் பின் சாயும், பதிவும் சாயும். காசைக் கொடுத்துவிட்டு அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது பையில் அந்தக் கனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு ராத்திரிதான், பள்ளமே வெட்ட வேண்டாமே என்று தோன்றியது. 5 மி.மீ. பட்டையை இரண்டு பக்கமும், 8 மி.மீ. பட்டையை நடுவிலும் வைத்துச் சேர்த்துவிட்டால், நடுப்பட்டை குட்டையாக இருக்கிற இடமே பள்ளம். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் 20 மி.மீ. அகலப் பட்டைகள் கிடைத்தன. ஹேக்ஸா, அரம், டிரில்லிங் மெஷின், இது போதும். ஆனால் 8 மி.மீ. பட்டைக்கு நடுவில் 8 மி.மீ. சக்கரம் சுற்றாது, இறுகிக்கொள்ளும். கூல்டிரிங்ஸ் டப்பாவின் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். அதைக் கத்தரித்து நடுப்பட்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்று வைத்து இறுக்கினேன். சக்கரம் லேசாகச் சுற்றியது, ஆடவில்லை. பட்டறையில் மூன்று நடை நடந்து கிடைக்காதது வீட்டு வாசலில் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

துளையில்தான் அடுத்த சறுக்கல். இரண்டு கைக்கும் சேர்த்து வரும் நாலு 5 மி.மீ. பக்கத் தகட்டிலும் தனித்தனியாகக் குறித்து, தனித்தனியாக 6 மி.மீ. துளை போட்டேன். ஒவ்வொன்றிலும் டிரில் ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் மேல் சக்கரம் ஒரு பக்கமும் கீழ் சக்கரம் இன்னொரு பக்கமும் லேசாகச் சாய்ந்து நின்றன. அந்த நாலு தகட்டையும் தூக்கிப் போட்டேன். புதிதாக வெட்டி, நாலையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு, ஒரே மூச்சில் 5.8 டிரில் விட்டு, பிறகு துளையைத் துல்லியமான அளவுக்குச் சீவுகிற 6 மி.மீ. ரீமர் விட்டேன். பின்னாலிருக்கிற கீல் துளையையும் கிளாம்பைக் கழற்றாமலேயே போட்டேன். இப்படிச் செய்தால் நாலு தகட்டிலும் இரண்டு துளைக்கும் உள்ள தூரம் ஒன்றேதான். இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

பின்னுக்கு முதலில் ஒரு 6 மி.மீ. போல்ட்டின் மரையில்லாத மொழுக்கைப் பகுதியை அறுத்துப் போட்டேன். சாதா இரும்பு. இரண்டு சோதனை ஓட்டத்திலேயே வரிவரியாகச் சிராய்ந்து, சக்கரம் பின்னோடு ஒட்டிக்கொண்டது. சுற்றாத சக்கரம் துண்டைச் சுரண்டும், பதியாது. டவல் பின் (dowel pin) என்கிற உருளை ஆணி வாங்கினேன். அது பதப்படுத்திய எஃகு, மேலே கண்ணாடி மாதிரி கிரைண்டிங். ஆனால் சக்கரத்துக்குள் நுழைய மறுத்தது. டவல் பின் 6 மி.மீ.க்கு மைக்ரான் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வரும், இறுக்கமாக அடித்து ஏற்றுவதற்காக அப்படி. சம்மட்டியை எடுக்காதீர்கள். பின்னை லேத்தில் மாட்டி, 600 எமரித் தாளில் எண்ணெய் விட்டு, சக்கரம் உட்காரும் நடுப்பகுதியை மட்டும் தேய்த்துக்கொண்டே சக்கரத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. சட்டென்று ஒரு கட்டத்தில் எண்ணெய்ப் படலத்தின் மேல் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. விரலால் தட்டிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றியது. இந்த நாலு மாதத்தில் மனசு நிறைந்த முதல் நிமிஷம் அதுதான்.

இறுக்குகிற எம்8 போல்ட்டு, லேத்தில் டூலைப் பிடிக்கிற டூல்போஸ்ட்டில் மாட்டுகிற தண்டு எல்லாம் ஒரு மாலையில் முடிந்தன.

ஓட்டும்போது தெரிந்துகொண்டது இரண்டு விஷயம். ஒன்று, இரண்டு சக்கரத்தின் மையமும் துண்டின் மையத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் நிற்க வேண்டும். நான் கண்ணளவில் வைத்து முறுக்கினேன். கொஞ்சம் பின்தங்கியிருந்திருக்கிறது. உருண்டையின் சரிவில் வழுக்கி டூல் பின்னால் தள்ளப்பட்டு, துண்டின் மேல் ஆழமான கீறல் விழுந்தது. நாலாவது துண்டும் போச்சு. இப்போது செய்வது இப்படி: மோட்டார் நின்றிருக்கும்போது சக்கரங்கள் துண்டை லேசாகத் தொடும்படி விட்டு, கிராஸ் ஸ்லைடை மெதுவாக உள்ளே ஓட்டுகிறேன். இரண்டு கையும் விரிந்துகொண்டே வந்து, பிறகு சுருங்க ஆரம்பிக்கும். எங்கே அதிகமாக விரிந்ததோ அதுதான் மையம். டயலைப் பார்த்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஸ்லைடைப் பூட்டிவிடுகிறேன்.

இரண்டாவது, பல் கணக்கு. எல்லாம் சரியாக இருந்தும் ஐந்தாவது துண்டில் வைரம் வரவில்லை, நெருக்கமான சின்னச் சின்னப் புள்ளிகளாக வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் இன்னொரு கோடு. துண்டு ஒரு சுற்று வந்து முடியும்போது சக்கரத்தின் பல், முதலில் பதிந்த பள்ளத்தில் விழாமல் இரண்டு பள்ளத்துக்கு நடுவில் விழுந்திருக்கிறது. கணக்கு சுலபம். சக்கரத்தில் ஒரு பல்லுக்கு மார்க்கரால் மை வைத்துவிட்டு எண்ணினேன், 54 பல். விட்டம் 20 மி.மீ. 20-ஐ 54-ஆல் வகுத்தால் 0.37. துண்டின் விட்டத்தை அந்த 0.37-ஆல் வகுத்தால் முழு எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். நான் கடைந்து வைத்திருந்தது 23.9. வகுத்துப் பார்த்தால் 64 பல்லும் கிட்டத்தட்ட அரைப் பல்லும். அதைவிட மோசமான இடம் கிடையாது. 23.7 என்றால் சரியாக 64.

பெரிய லேத்தில் அனுபவப்பட்டவர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, ஆரம்பத்திலேயே பலமாக அழுத்தினால் பல் தானாக வழிக்கு வந்துவிடும் என்பார்கள். அவர்கள் லேத்தில் அது உண்மைதான். முழு எண்ணுக்குக் கிட்டத்தில் இருந்தால் என் லேத்திலும் வழிக்கு வருகிறது. அரைப் பல் வித்தியாசத்தை என்னால் அழுத்தித் திருத்த முடியவில்லை.

ஆறாவது துண்டை 23.7-க்குக் கடைந்தேன். துண்டின் மறுமுனைக்கு டெயில்ஸ்டாக்கில், கூடவே சுற்றுகிற ரிவால்விங் சென்டர் முட்டுக் கொடுத்தேன். சக்கரத்தின் பாதி அகலம் மட்டும் துண்டின் ஓரத்தில் படும்படி வைத்து முறுக்கினேன். மோட்டாரைப் போடாமல் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, லென்ஸில் பார்த்தேன். கோடு கோட்டிலேயே போய் விழுந்திருந்தது. அப்புறம் லோ கியரில் 150 சுற்று வேகம், மேலிருந்து எண்ணெய் ஒழுகவிட்டு, டூலைத் தானாக நகர்த்தும் ஆட்டோ ஃபீட். உதிர்கிற பித்தளைத் துகளை எண்ணெய் கழுவிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் அது சக்கரத்துக்கு அடியில் சிக்கி மறுபடியும் பதிவில் ஏறும். துணியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கையுறையும் வேண்டாம். இரண்டு சக்கரமும் உள்ளே இழுக்கிற மாதிரிதான் சுற்றுகின்றன. நீளமான பிரஷ் போதும். இரண்டு தடவை போய் வந்ததில் வைரம் முழுசாக எழும்பி நின்றது. வைரத்தின் முனை கூர்மையாகும் முன்பே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் நசுக்கினால் பித்தளை செதில் செதிலாக உரியும். மோட்டார் ஒரு தடவைகூட முனகவில்லை. சக்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், புதுப் பேரிங் அப்படியே இருந்தது.

நர்லிங் ஏற்றியதும் விட்டம் கொஞ்சம் கூடும். பொருந்துகிற இடமாக இருந்தால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துச் சேம்பரை (விளிம்பின் சாய்வு வெட்டை) நர்லிங்குக்கு அப்புறம் போடுங்கள். அலுமினியத்துக்கு எண்ணெய்க்குப் பதில் மண்ணெண்ணெய் விட்டேன், பல்லில் அப்பிக்கொள்வது குறைந்தது.

அக்கா மகனிடம் குமிழ்களைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு மாமா, ஆனா குத்துது" என்றான். சரிதான், வைரத்தின் முனைகள் விரலில் உறுத்தின. வாங்கிக்கொண்டு போய், லேத்தில் சுற்றவிட்டு மழமழ அரத்தை ஒரு நொடி தொடவிட்டு, 400 எமரியால் லேசாக வருடிக் கொடுத்தேன். பிடிப்பு அப்படியே இருக்க, உறுத்தல் போய்விட்டது. மறுநாள் ராத்திரி மொட்டை மாடியிலிருந்து அவன் போன்: "மாமா, சனியோட வளையம் தெளிவா தெரியுது. கையை எடுத்தாலும் ஃபோகஸ் நகரல."