மூப்பராக ஒருவரை நிறுத்துமுன்

ஒருவர் கண்ணீரோடு ஜெபிக்கிறார், சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்கிறார், வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறார். உடனே "ஆவிக்குரிய மனுஷன்" என்று பெயர் வைத்து, வாலிபர் கூட்டத்தை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். பிறகு சபை இரண்டாகும்போது பழியைச் சாத்தான் மேல் போடுகிறோம்.

கொரிந்து சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலன் பவுல் ஒன்றரை வருஷம் தங்கிப் போதித்த சபை அது. அவர்களுக்கு அவர் எழுதிய முதல் நிருபத்தின் 1-ம் அதிகாரத்தில் அவர்கள் "யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள்"; 3-ம் அதிகாரத்தில் அதே ஆட்கள் "கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்". அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்த இடத்தில் பொறாமையும் வாக்குவாதமும் இருந்தன. சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டான் (நம் திருமண்டலங்களில், அதாவது சபைகளின் மண்டல நிர்வாகங்களில், நடக்கும் வழக்குகளை நினைத்துக்கொண்டு 6-ம் அதிகாரத்தை வாசிப்பது சங்கடம்தான்). கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். வரம் ஒரே நாளில் கிடைக்கலாம். சுபாவம் மாற வருஷங்கள் ஆகும்.

1 தீமோத்தேயு 3:2-7 கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கும் மூப்பருக்கு, சொல்லும் தகுதிகளில் மேடையில் தெரிவது ஒன்றுதான்: போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் திறமையுள்ளவன். தெளிந்த புத்தி, உபசரிப்பு, பண ஆசையின்மை, சண்டைபண்ணாமை, சொந்தக் குடும்பத்தை நடத்தும் விதம், புறம்பானவர்களிடம் நற்சாட்சி, இவை எதுவும் ஞாயிறு ஆராதனையில் தெரியாது. ஆகவே நீங்கள் நிறுத்த நினைப்பவரிடம் சம்பளம் வாங்குகிறவர், அவருக்குக் கடன் கொடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பரபரப்பான சாட்சி உள்ள புது விசுவாசியை ஊர் ஊராக மேடையேற்றுகிறவர்களுக்கு அந்த வசனம் கண்ணில் படுவதே இல்லை.

என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காட்டிக்கொடுப்பது திருத்தப்படும்போது அவர் நடந்துகொள்ளும் விதம். அப்பொல்லோ "வேதாகமங்களில் வல்லவன்", ஆனால் இயேசுவுக்கு முன் வந்த யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தார். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்தார்கள். அதன்பின் சகோதரர் அவரை ஏற்றுக்கொள்ளும்படி எழுதிக்கொடுக்க, அவர் கொரிந்து இருந்த அகாயா நாட்டுக்குப் போய் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருந்தார் (அப்போஸ்தலர் 18).

நீங்களும் ஒரு சிறிய, ஆனால் உண்மையான குறையைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். அப்போது வரும் பதிலை நம்ப வேண்டாம். "கர்த்தர் உங்கள் மூலமாகப் பேசினார் ஐயா" என்று யாரும் சொல்லிவிடலாம். அடுத்த மாதம் அவருடைய பிரசங்கத்தில் உங்களுக்கு ஜாடையடி விழுகிறதா, நீங்கள் இருக்கும் கூட்டங்களைத் தவிர்க்கிறாரா என்று கவனியுங்கள். மன்னிப்புக் கேட்கும் விதமும் முக்கியம். "மனசு புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்பது நழுவல். "கமிட்டியில் உங்களைப் பற்றி நான் சொன்னது பொய், அங்கேயே திருத்திச் சொல்கிறேன்" என்பது மனந்திரும்புதல்.

இதில் எளிதாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. பிறவியிலேயே அமைதியானவரைப் பார்த்துச் சாந்தகுணம் என்று நினைத்துவிடுகிறோம். சண்டைக்குப் பயந்து வாய் மூடியிருப்பவரும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் தெரிவார். முன்கோபியாக இருந்தவர் இன்று குரலை உயர்த்தினாலும் சாயங்காலத்துக்குள் வந்து ஒப்புரவாகிறார் என்றால், ஒருவேளை அவரே அதிகம் வளர்ந்தவர். ஆளை ஆளோடு ஒப்பிடாமல், அவரை ஐந்து வருஷத்துக்கு முந்தைய அவரோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது, பாவத்தில் விழுந்தவரை அவர் நடத்தும் விதம். கலாத்தியர் 6:1 விழுந்தவரைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை "ஆவிக்குரியவர்களாகிய நீங்கள்" என்று அழைத்துக் கொடுக்கிறது. குடியை விட்டவர் மறுபடி குடித்தார் என்ற செய்தி அவர் காதுக்கு வந்தால், அது இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவில் "ஜெபக்குறிப்பு" ஆகிறதா? அல்லது யாருக்கும் சொல்லாமல் அந்த வீட்டுக்கு நடந்து போகிறாரா?

இவற்றையெல்லாம் பார்க்க அவகாசம் வேண்டும். சபையில் பணிவிடை செய்யும் உதவிக்காரரைக்கூட "முன்னதாக" சோதிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 3:10. ஒரு வருஷமாவது பெயர் வராத வேலையைக் கொடுங்கள்: ஆஸ்பத்திரி சந்திப்பு, நாற்காலி அடுக்குவது, இன்னொருவரோடு சேர்ந்து காணிக்கை எண்ணுவது. தனியாக எண்ணக் கொடுக்காதீர்கள்; அது சோதனை அல்ல, கண்ணி. "என் அழைப்பு இது இல்லை" என்று நடுவில் விலகினால் சண்டை வேண்டாம். விசுவாசியாக அவரை விசாரித்துக்கொண்டே இருங்கள். மூப்பர் பட்டியலில் மட்டும் இப்போதைக்கு அவர் பெயரை எழுத வேண்டாம்.