செக் எஞ்சின் லைட்: எங்கிருந்து காத்து இழுக்குது?

என்னுடையது 2006 மாடல் பெட்ரோல் கார். கொஞ்ச நாளாகவே வண்டி நிற்கும்போது ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஸ்டீயரிங்கில் லேசான உதறலும் இருந்தது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் தெரியாது. அப்புறம்தான் மீட்டரில் அந்த மஞ்சள் எஞ்சின் படம் எரிந்தது. அணையவே இல்லை.

விட்டு விட்டு மின்னாமல் நிலையாக எரிந்தது என்பது ஒரு ஆறுதல். மின்னினால் கதையே வேறு. எஞ்சின் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் புகைக் குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்குகிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை ஓரம் கட்டுவதுதான் சரி. நிலையாக எரிந்து, ஆயில் லைட்டும் டெம்பரேச்சரும் ஒழுங்காக இருந்தால் நிதானமாகத் தேடலாம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி போனில் பார்த்தேன். ஒரே ஒரு எரர்தான் இருந்தது: பி0171. கலவை லீன், அதாவது பெட்ரோல் போதாமல் காற்று மிஞ்சுகிறது. பார்த்த கையோடு எரரை அழித்துவிடத் தோன்றும். தயவுசெய்து அழிக்காதீர்கள். எரர் பதிவான நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். என் காரில் அது காட்டியது: எஞ்சின் சூடு, வேகம் 0, ஆர்பிஎம் 750-ஐ ஒட்டி. ஆக, நிற்கும்போதுதான் பிரச்சினை.

இந்த எரரைச் சொன்னாலே ‘ஆக்சிஜன் சென்சாரை மாத்திடுங்க’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். எனக்கும் அந்த யோசனை வந்து சேர்ந்தது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து, கலவை எப்படி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த சென்சார். ஆனால் எஞ்சின் ஓடும்போதே ஸ்கேனர் காட்டும் லைவ் டேட்டாவில், கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே விறுவிறுவென்று மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. செத்த சென்சார் அப்படி ஓடாது. அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்ததால்தான் லைட்டே எரிந்தது. சேதி கொண்டுவந்தவனை மாற்றி என்ன பயன்?

உண்மையில் வழி காட்டியது ஃப்யூயல் டிரிம். ஸ்கேனர் கையில் இருந்தும் பலர் இந்தப் பக்கம் போவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். பெட்ரோல் எஞ்சினுக்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அது பிசகினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும். அந்தச் சரிக்கட்டல்தான் டிரிம். ஷார்ட் டேர்ம் அந்தந்த நொடிக்கு, லாங் டேர்ம் கற்று வைத்துக்கொண்டது. இரண்டையும் கூட்டினால் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பல கார்களில் 25 வாக்கில் போனால் லைட் எரியும்.

ஐடிலில் எனக்கு லாங் டேர்ம் கூட்டல் 21, ஷார்ட் டேர்ம் 5, 6 என்று ஆடிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் மொத்தமே 6. எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதுமாக இருந்தது. ஐடிலில் காற்று நுழையும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அதைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் வேக்யூம் பலமாக இருக்கும், எஞ்சினும் கொஞ்சம் காற்றைத்தான் குடிக்கும். அப்போது எங்கோ ஒரு சின்ன ஓட்டை வழியாக, எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) அளக்காத காற்று உள்ளே போனால் கலவை ரொம்பவே கெட்டுப்போகும். ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று பெருகிவிடும், ஓட்டைக் காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் பம்ப் வலு குறைந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ இதற்கு நேர்மாறாக, வேகமும் லோடும் ஏற ஏற டிரிம் ஏறும். எனவே பம்பைத் தொட வேண்டியதில்லை. எங்கோ காத்து இழுக்கிறது.

கார்புரேட்டர் கிளீனரை ஹோஸ்கள் மேல் அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். சூடான எஞ்சின் மேல் தீப்பிடிக்கும் திரவத்தை அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. புகை விட்டுப் பார்க்கும் மெஷின் கிடைத்தால் அதுவே உத்தமம். என்னிடம் இல்லாததால் பிளையரின் வாயில் துணி சுற்றிக்கொண்டு, எஞ்சின் ஐடிலில் ஓட, மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கி, போனில் ஷார்ட் டேர்மைப் பார்த்தேன். அமுக்கும்போது மேனிஃபோல்டை ஒட்டி அமுக்க வேண்டும். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அமுக்கினால் ஒன்றும் தெரியாது.

பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் ஹோஸில் மாற்றமில்லை. பெட்ரோல் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு ஹோஸிலும் இல்லை. எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை அமுக்கியதும் ஷார்ட் டேர்ம் சரசரவென்று இறங்கி மைனஸுக்குப் போனது, ஐடிலும் அடங்கியது. விட்டதும் பழையபடி ஏறியது. நல்ல பிசிவி ஹோஸை அமுக்கினால் டிரிம் இப்படி விழாது, ஏனென்றால் அதில் வரும் காற்று எம்ஏஎஃப் ஏற்கெனவே அளந்த காற்று.

கழற்றிப் பார்க்கும்வரை அந்த ஹோஸின் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. மேல்பக்கம் கறுப்பாக, முழுசாக இருந்தது. பிசிவி வால்வை ஒட்டி வளைகிற முழங்கையின் அடிப்பக்கம்தான் போயிருந்தது. ஆயில் ஆவியில் ஊறி ரப்பர் உப்பி, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலால் வளைத்தால் நீளவாக்கில் ஒரு பிளவு வாய் திறந்தது. எஞ்சினில் மாட்டியிருக்கும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மாற்றுவது எளிது, சரியான ஹோஸ் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். ரேடியேட்டர் தண்ணீருக்கான ஹோஸ் ஆயில் ஆவியில் சீக்கிரமே இப்படித்தான் உப்பும். நேர் ஹோஸை வளைத்து மாட்டினால் முழங்கையில் மடிந்து அடைத்துக்கொள்ளும். அந்த மாடலுக்கென்றே வளைவோடு வார்த்து வருவதை வாங்கினேன். பிசிவி வால்வையும் கையோடு புதிதாகப் போட்டேன், கிளாம்புகளையும் மாற்றினேன்.

எரரை அப்போதும் நான் அழிக்கவில்லை, ஏனென்றால் ரிப்பேர் பலித்ததா என்பதை எண்களே சொல்லும். ஸ்டார்ட் செய்து சூடானதும் லாங் டேர்ம் இன்னும் 21-லேயே நின்றது, ஷார்ட் டேர்ம் மைனஸ் 18. கம்ப்யூட்டர் பழைய கணக்கில் பெட்ரோலைக் கொட்ட, சென்சார் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று குறைக்கிறது. ஓட்ட ஓட்ட லாங் டேர்ம் இறங்கி, இப்போது ஐடிலில் மொத்தம் 2, 3 சதவீதம்தான். அடுத்தடுத்து மூன்று டிரைவ் சைக்கிளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஒரு சைக்கிள்) கோளாறு தென்படாவிட்டால் கம்ப்யூட்டரே லைட்டை அணைத்துவிடும், என் காரிலும் அப்படித்தான் அணைந்தது. பூஸ்டர் ஹோஸும் பர்ஜ் ஹோஸும் அதே வயதுதான் என்பதால், அவற்றின் முழங்கைகளையும் அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். பர்ஜ் ஹோஸ் இறுகி, வளைத்தால் மேலே நுண்ணிய வெடிப்பு காட்டுகிறது. அதை அடுத்த சர்வீஸில் மாற்றிவிடப் போகிறேன்.