தாழ்வுப் பகுதி வேறு, தாழ்வு மண்டலம் வேறு

தேர்வில் 'வெப்பமண்டலப் புயல் உருவாவதை விளக்குக' என்றதும் மாணவர்கள் 26.5 டிகிரி செல்சியஸ் கடல் வெப்பம், ஈரக்காற்று, கோரியாலிஸ் விசை (பூமி சுழல்வதால் காற்றின் பாதையை வளைக்கும் விசை) என்று பட்டியலை ஒப்பித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பட்டியல் சரிதான். அதில் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னால்தான் அது விளக்கம்.

26.5 டிகிரி வெப்பம் கடலின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் போதாது, சுமார் 50 மீட்டர் ஆழம் வரை வேண்டும். இல்லையென்றால் புயற்காற்றே கடலைக் கலக்கி அடிக் குளிர்நீரை மேலே இழுத்துவிடும், ஆவி குறையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய 5 டிகிரிக்குள் கோரியாலிஸ் விசை மிகக் குறைவு. காற்று சுழலாமல் நேரே பாய்ந்து தாழ்வழுத்தத்தை நிரப்பிவிடும். ஆவி மேகமாகும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் காற்றை இலேசாக்கும், அழுத்தம் இறங்கும், இன்னும் ஈரக்காற்று உள்ளே வரும். இந்தச் சுற்றை அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டால் ஒரு பத்தி மிச்சம்.

பலரும் விட்டுவிடுவது உயரத்துக்கு உயரம் காற்று மாறுபடுவதை. ஜூலையிலும் வங்கக் கடல் சூடுதான். புயல் ஏன் அபூர்வம்? கீழே மேற்குக் காற்று, மேலே கீழைத் தாரைக்காற்று (கிழக்கிலிருந்து மிக வேகமாக வீசும் காற்று). இரண்டும் எதிரெதிராக இழுக்க, மேகக் கோபுரம் சாய்ந்து வெப்பம் ஓரிடத்தில் சேராமல் போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரைக்குப் புயல் வருவது இந்த இழுபறி தளர்வதால்தான்.

காற்றின் வேகத்தை வைத்துச் செய்யும் வகைப்பாட்டை மணிக்குக் கிலோமீட்டரில் மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை. 31–49 தாழ்வு மண்டலம், 50–61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62–88 புயல் (பெயர் சூட்டுவது இங்கேதான்), 89–117 தீவிரப் புயல், 118–165 மிகத் தீவிரம், 166–220 அதி தீவிரம், 221 முதல் சூப்பர் புயல். தாழ்வுப் பகுதி என்பது 31-க்கும் கீழே.

உதாரணத்தில்தான் சென்னைக்காரர்களே சறுக்குகிறார்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதிப் பெருமழை எந்தப் புயலாலும் வந்ததல்ல. காற்றுச் சேதத்துக்கு 2016 வர்தா பொருந்தும். மழைக்கு 2023 மிக்ஜாம். அது சென்னையைக் கடக்கவே இல்லை, கரையோரமாக மெல்ல நகர்ந்து ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. கிழக்கிலிருந்து வரும் புயல் சென்னையில் கடந்தால், கடல்நீர் ஏறுவது அது நகரும் திசைக்கு வலப்பக்கமான, அதாவது வடக்கே உள்ள எண்ணூர், பழவேற்காடு பக்கம்; தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்.

படத்தில் புயலின் நடுவே அமைதியாக இருக்கும் கண்ணுக்குள் காற்று இறங்க வேண்டும், அதைச் சூழ்ந்த மேகவளையமான கண்சுவரில் ஏற வேண்டும். அம்பை மாற்றிப் போடுபவர்கள் நிறைய.