தேர்ச்சி பெற்ற மகனை மறுபடி ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தபோது

தென்னாப்பிரிக்காவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பள்ளி விளையாட்டு அணிகளுக்கும் ஜனவரி 1-தான் எல்லைக்கோடு. அன்றைக்கு 14 வயது நிறையாதவர்கள் எல்லாரும் ஒரே அணிக்குப் போட்டியிடலாம். ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்த என் மகனும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. என் மகனுக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைக் கணக்கெடுத்து, தேர்ந்தவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று காட்டினார். டர்பனில் மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரும் தாய்மார்களுக்கு அதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனாலும் பையன் வேகமாகப் பந்து வீசுவான். ஒன்பதாம் வகுப்பு முடியும் தறுவாயில், கட்டணம் வாங்கும் ஆண்கள் பள்ளி ஒன்று கிரிக்கெட் உதவித்தொகையோடு அழைத்தது. ஒரே நிபந்தனை: அவன் அங்கே ஒன்பதாம் வகுப்பையே திரும்பப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இது பழகிப்போன வழி. அங்கே நடுநிலைப் பள்ளி அணிகள் பல இடங்களில் வகுப்பை வைத்தே பிரிக்கப்படுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து எட்டு அரையாண்டுப் பருவங்கள், அதாவது நான்கு வருடம், மட்டுமே ஆடலாம் என்பது பல மாநிலங்களின் விதி. அதனால் பெற்றோர் அதற்கு முன்பே, எட்டாம் வகுப்பில், பிள்ளையை நிறுத்திவைக்கிறார்கள். இங்கே கணக்கு பிறந்த தேதி. வகுப்பைத் திரும்பப் படித்தாலும் அவன் தன் வயதுக்காரர்களோடுதான் ஆட வேண்டும். பிறகு என்ன லாபம் என்று நேர்காணலில் பயிற்சியாளரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, லாபமெல்லாம் கடைசியில்தான் என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் அவனுக்கு 19 நடக்கும். பள்ளியின் முதல் அணியில் ஒரு வருடம் கூடுதலாக ஆடலாம். அதற்குள் உடம்பும் வளர்ந்திருக்கும்.

ரக்பி ஆடுகிற பையனாக இருந்திருந்தால் நான் அங்கேயே எழுந்து வந்திருப்பேன். 1964இல் தொடங்கிய கிரேவன் வாரம் என்ற போட்டியில்தான் பள்ளி ரக்பி வீரர்களை எல்லாரும் கவனிக்கிறார்கள். அது 18 வயதுக்கு உட்பட்டோருக்கானது. நிறுத்திவைத்த பையன் தன் கடைசி வருடத்தில் அதற்குள் நுழையவே முடியாது. கிரிக்கெட்டில் மாகாணப் பள்ளி அணிகள் மோதும் காயா மஜோலா வாரம் 19 வயதுக்கு உட்பட்டோருக்கானது. இந்த ஒரு வயது வித்தியாசம்தான் எங்களை மேலே பேச வைத்தது.

அடுத்த சிக்கல் எந்த வகுப்பை மறுபடி படிப்பது என்பது. பத்தாம் வகுப்பைத் திரும்பப் படித்தாலும் சரிதான் என்று பள்ளி இடையில் ஒரு யோசனை சொன்னது. நாங்கள் மறுத்தோம். அரசின் தேர்ச்சிக் கொள்கைப்படி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாணவனை ஒரு முறைதான் நிறுத்திவைக்கலாம். ஏழு, எட்டு, ஒன்பது ஒரு கட்டம். பத்து முதல் பன்னிரண்டு வரை இன்னொன்று. பத்தில் ஒரு வருடத்தை விளையாட்டுக்குச் செலவழித்துவிட்டு, பதினொன்றில் கணக்கில் சறுக்கினால் கையிருப்பு ஏதும் இருக்காது. ஒன்பதிலேயே முடித்துக்கொண்டால் அடுத்த கட்டம் தொடாத பணமாக இருக்கும்.

அதைவிட நேரம் பிடித்தது உதவித்தொகைக் கடிதம். முதலில் வந்ததில் ஒரு பக்கம்தான். பாதிக்கு மேல் வாழ்த்து. கல்விக் கட்டணம் போக சீருடை, பயணம், மட்டை, காலணி எல்லாம் எங்கள் தலையில். அது போகட்டும். காயம் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. வளரும் வயதில் வேகப்பந்து வீசுகிற பையன்களுக்குக் கீழ் முதுகெலும்பில் நுண்முறிவு ஏற்படுவது சாதாரணம்; ஏற்பட்டால் பல மாதங்கள் பந்தைத் தொடக் கூடாது. அந்த மாதங்களில் உதவித்தொகை நின்றுவிட்டால், ஒரு வயது கூடிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய பள்ளி வாசலில் நிற்க வேண்டியதுதான். கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஒப்பந்தங்களோடு மல்லுக்கட்டும் என் கணவர், மருத்துவச் சான்று தரும் பட்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை தொகை தொடரும் என்ற வாக்கியத்தை அவரே எழுதி அனுப்பினார். அவர்கள் திருத்தி அனுப்பினார்கள். இவர் மறுபடி திருத்தினார். கடைசியில் வந்த கடிதத்தில் அந்த வாக்கியம் நான்காம் பத்தியில், இவர் எழுதிய சொற்களிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டோம்.

பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது இன்னொரு தாளும் கேட்டு வாங்கினேன். மாணவன் பத்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றுவிட்டான், திரும்பப் படிப்பது பெற்றோரின் விருப்பத்தால் என்று தலைமையாசிரியர் கையொப்பத்தோடு இரண்டே வரிகள். பின்னாளில் எந்த அலுவலகத்தில் யார் என்ன கேட்பார்களோ.

அலுவலகம் கேட்குமுன் கோவில்பட்டியிலிருந்து மாமியார் கேட்டுவிட்டார். பிள்ளை பெயிலாகிவிட்டானா என்று தொலைபேசியிலேயே அழுதார். தேர்ச்சி பெற்றவனைத்தான் நிறுத்தியிருக்கிறோம் என்றதும் அழுகை நின்று திட்டு தொடங்கியது. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல், கேட்காதவர்களிடம் நீயாகப் போய்ச் சொல்லாதே என்றார் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவருக்கு ஊர்வாயின் நீளம் தெரியும். காவடித் திருவிழாவில் அவர் சொன்னபடியே நடந்துகொண்டேன்.

மகன் முதல் பருவம் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பழைய நண்பர்கள் எல்லாரும் மேல் வகுப்பில். இவன் ஏற்கெனவே எழுதிய பாடத்தை எழுதிக்கொண்டிருந்தான். எனக்கோ அந்த வருடத்தில் மிகப் பிடித்தது படிப்புதான். தட்டுத்தடுமாறிய ஆப்பிரிகான்ஸ் மொழிப் பாடம் நிமிர்ந்தது. பத்தாம் வகுப்பில் கணித எழுத்தறிவு என்ற எளிய பாடத்துக்கு இறங்காமல் முழுக் கணிதத்தையே எடுக்க முடிந்தது. படிப்பு எதற்கு என்று அவன் முனகும்போதெல்லாம் செனுரன் முத்துசாமியைக் காட்டுவேன். டர்பன் தமிழர், 2019இல் விசாகப்பட்டினத்தில் அறிமுக டெஸ்டில் முதல் விக்கெட்டாக விராட் கோலியையே வீழ்த்தியவர், க்வாசுலு-நடால் பல்கலைக்கழகப் பட்டதாரியும்கூட. அவர் சுழற்பந்துக்காரர், அம்மா, என்று பதில் வரும்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. உயரம் வந்துவிட்டது; அது எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும். முதல் அணியில் சில ஆட்டங்கள், இரண்டாம் அணியில் பல. பயிற்சியாளர் சொன்ன கூடுதல் வருடம் இன்னும் வரவில்லை. முதுகு இதுவரை நன்றாக இருக்கிறது. நான்காம் பத்தியின் நகல் என் அலமாரியில் இருக்கிறது.