விட்டு விட்டு எரியும் கூலன்ட் விளக்கு

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை ஏற்றத்தில் நம்ம பழைய காரின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விளக்கு திடீரென்று சிமிட்டும். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே அணைந்துவிடும். வெப்பமுள் மட்டும் நடுவை விட்டு அசையாது.

கராஜில் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் "வாட்டர் பம்ப் போச்சு" என்றார்கள். நல்ல வியாபாரம்!

சாட்ஸ்வர்த்தில் பக்கத்துத் தெரு அண்ணன் வேறு ரகம். "தம்பி, எஞ்சின் நல்லா ஆறட்டும், அதுவரை மூடியைத் தொடாதே" என்றார். சூட்டில் உள்ளே அழுத்தம் இருக்கும், திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ஆறியபின் பார்த்தால் கூலன்ட் தொட்டியில் மேல், கீழ் அளவுக் கோடுகள் இரண்டுக்கும் நடுவே சரியாக இருந்தது.

அப்புறம் தொட்டியின் சென்சார் பிளக்கைக் கழற்றினார். பின்களில் பச்சைக் களிம்பு. இந்த வகைத் தொட்டிக்குள் இரண்டு உலோகக் கம்பிகள் கூலன்டில் மூழ்கி நிற்கும். கூலன்ட் வழியாக மின்சாரம் ஓடினால் எல்லாம் சரி, ஓடாவிட்டால் விளக்கு எரியும். எங்கள் கம்பிகளில் பழுப்புக் கசடு தடிப்பாகப் படிந்திருந்தது. நிறைந்த தொட்டியையும் காலி என்று சொல்ல அது போதும். பிளக்குக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து, தொட்டியையும் கழுவி மாட்டினோம்.

ஒன்று: அளவு நிஜமாகவே குறைந்துகொண்டே வந்து, கீழே சொட்டும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகப்படுங்கள். முள் சிவப்புக்கு ஏறினால் உடனே ஓரம் கட்டுங்கள்.

கம்பிகள் தொட்டியோடு சேர்ந்தே வருவதால் தனியாக மாற்ற முடியாது, மாற்றுவதென்றால் முழுத் தொட்டிதான். நல்ல பழைய பாகக் கடை தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.